தீமை செய்யாத மழை

திருவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்திற்குப் பேருந்தில் செல்கிறவர்கள் வலப்பக்கத்து இருக்கையில் அமர்ந்தால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரமும் மலை கூடவே வரும். காலையில் நீலமாகவும் நண்பகலில் சாம்பல் நிறமாகவும் மாலையில் கறுத்தும் தோன்றும் அந்தத் தொடர்ச்சி மலையே இவ்விரு ஊர்களுக்கும் தாயும் தந்தையும். வயலுக்குப் போகும் விவசாயி முதலில் பார்ப்பது வானத்தை அன்று, மலையைத்தான். "மலை மூடியிருக்கிறதா?" என்பதே அவரது கேள்வி.

ஆனால் அந்த மலையே இவர்களுக்கு வரவேண்டிய மழையைத் தடுத்தும் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலில் முகந்து வந்த நீரையெல்லாம் கேரளத்துச் சரிவிலேயே கொட்டிவிட்டு, ஏறக்குறைய வெறுங்கையுடன் இப்பக்கம் இறங்குகிறது. மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் கிடைக்கும் மழையில் மூன்றில் ஒரு பங்கும் விருதுநகர் மாவட்டத்திற்குக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் வந்தால்தான் உண்டு. அப்பக்கத்து நீரை இப்பக்கம் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. வடக்கே முல்லைப் பெரியாறு 1895-ஆம் ஆண்டில் அவ்வாறு திருப்பப்பட்டது. திருவில்லிபுத்தூர்ப் பகுதி மக்கள் அழகர் அணைத் திட்டத்தைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இத்தகைய ஊரில் பிறந்த ஆண்டாள், திருப்பாவையில் மழையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? பாவை நோன்பின் பயனாக அவர் எதிர்நோக்கும் மழைக்கு இரண்டு இலக்கணங்கள் சொல்லப்படுகின்றன. அது தீமை செய்யாத மழையாக இருக்க வேண்டும். மாதம் மும்முறையாகப் பிரிந்து பெய்ய வேண்டும். பக்திப் பாடலாக இதனைப் பாடுகிறவர்கள் ஒரு வேளாண்மைப் பாடமும் அதனுள் இருப்பதைக் கவனிப்பதில்லை. மழை எவ்வளவு என்பது மட்டும் போதாது. எப்படி, எந்த இடைவெளியில் என்பதே வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு. இன்று பருவநிலை மாற்றம் என்று உலகமெங்கும் பேசப்படுவது, இப்பகுதியைப் பொறுத்தவரை அந்த இரண்டு இலக்கணங்களும் குலைந்து வருவதைத்தான்.

சதுரகிரியில் நடந்தது

2015-ஆம் ஆண்டு மே மாதம். வத்திராயிருப்புக்கு அப்பால் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சதுரகிரி மலைக்கு, அமாவாசையையொட்டி வழக்கம் போல் ஆயிரக்கணக்கான பக்தர்கள் ஏறியிருந்தார்கள். சுந்தர மகாலிங்கம் கோயிலுக்குச் செல்லும் அந்தப் பாதை, ஓடைகளைக் கடந்தும் ஓடைகளை ஒட்டியும் செல்வது. கோடைக்காலமாதலால் ஓடைகளில் நீர் குறைவு. கால் நனைத்து இளைப்பாறுவதற்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. அந்த நேரத்தில் மலையின் உச்சிப் பகுதியில் பெருமழை கொட்டியது. சிறிது பொழுதில் ஓடைகளில் வெள்ளம் பாய்ந்து இறங்கி, பக்தர்கள் பலரை அடித்துச் சென்றது. பலர் உயிரிழந்தனர், மலைமேல் இருந்தவர்கள் கீழே வர வழியின்றித் தவித்தனர். அதன்பின் மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே மலையேற அனுமதி என்ற கட்டுப்பாடு பல ஆண்டுகள் இருந்தது. மழை நாள்களில் அந்த அனுமதியும் நிறுத்தப்பட்டது.

இது பிற சமயத்தாரின் திருத்தலத்தில் நடந்ததுதானே என்று நம் வாசகர் எவரும் எண்ணமாட்டார். ஓடைக்கு சமயம் தெரியாது. இராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோயில் ஆற்றிற்கு விடுமுறை நாளில் குளிக்கச் செல்லும் குடும்பங்களில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். மலையில் மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வந்து, அக்கரையில் சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்டார்கள் என்ற செய்தி நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

இந்த வெள்ளத்தின் தன்மையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் அறியாமையே இங்கு ஆளைக் கொல்கிறது. சமவெளி ஆற்றில் வெள்ளம் ஏறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். கரையிலிருப்பவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மலை ஓடை அப்படியன்று. ஒரு சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஆயிரத்தை நிரப்பலாம். பல சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் பெய்து, அவ்வளவும் செங்குத்தான பாறைச் சரிவில் வழுக்கி, பத்தடி அகலமுள்ள ஒரே ஓடைக்குள் திரண்டு வந்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஏறுவதில்லை, சுவராக வருகிறது.

அதிலும் கொடியது, கீழே நிற்பவரின் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கக்கூடும் என்பதே. மேலே பெய்த மழை கீழே உள்ளவருக்குத் தெரியாது. ஆயினும் ஓடை சில அடையாளங்களைக் காட்டத் தவறுவதில்லை. தெளிந்திருந்த நீர் திடீரென்று கலங்கிச் செந்நிறம் அடைதல். சருகும் சுள்ளியும் மிதந்து வருதல். மேலிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல் கேட்டல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் துணிமணி, செருப்பு, உணவுப் பாத்திரம் எதையும் எடுக்க நில்லாமல், ஓடையின் போக்கில் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டில் ஏறிவிட வேண்டும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேடான இடத்தில் இரவு கழிப்பதே அறிவுடைமை. வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் வளர்ந்த ஆளை வீழ்த்திவிடும். இரண்டடி நீர் ஒரு காரையே மிதக்கச் செய்யும். நான்கு பேர் கைகோத்துக் கடந்துவிடலாம் என்று எண்ணிச் சென்ற குடும்பங்கள் பல நாட்டில் ஒன்றாகவே போயிருக்கின்றன.

பொய்த்தால் முழுவதும், பெய்தால் முழுவதும்

ஒரு குறிப்பிட்ட வெள்ளத்தைக் காட்டி, இது பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று விரல் நீட்டுவது எளிதன்று; அறிவியலாளரும் அதில் நிதானம் காட்டுகிறார்கள். மலை ஓடைகளில் காட்டாற்று வெள்ளம் நம் பாட்டன்மார் காலத்திலும் வந்ததுதான். ஆனால் போக்கு எத்திசையில் என்பதில் ஐயமில்லை. காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. வெப்பமான காற்று பெரிய பஞ்சு போன்றது. நிலத்திலிருந்து ஈரத்தை அதிகமாக உறிஞ்சுகிறது. பிழியும் போது அதிகமாகக் கொட்டுகிறது. ஆகவே வறட்சியும் வெள்ளமும் எதிரெதிரானவை அல்ல. ஒரே நோயின் இரண்டு குறிகள். தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்து அளவைவிட உலகின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஒன்றரைப் பாகைக்கு மேல் சென்ற முதல் ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

நம் தென்மாவட்டங்கள் இவ்விரு குறிகளையும் எட்டு ஆண்டு இடைவெளிக்குள் கண்டுவிட்டன. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்தது. அத்தகைய பொய்ப்பு நூறாண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்ததில்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கண்மாய்கள் விளையாட்டுத் திடல்களாயின. கிணறுகள் வற்றித் தென்னைகள் கருகின. இராஜபாளையத்திற்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், மலையிலிருந்து முடங்கியாற்றில் வரும் நீரையே நம்பியிருப்பது. மலை வறண்டால் ஊர்க் குழாயும் வறளும்.

பின்னர் 2023 டிசம்பர் 17, 18 தேதிகள். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் வானம் பிளந்தது போல் மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். விருதுநகர் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட அது அதிகம்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் திருவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் அளவில் சிக்கியிருந்தார்கள். தென்காசி மாவட்டம் இராஜபாளையத்தின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பது. மேகம் மாவட்ட எல்லைக் கல்லைப் பார்த்துப் பெய்வதில்லை. அந்த மழை சற்று வடக்கே நகர்ந்து தேவதானம், சேத்தூர், வத்திராயிருப்பு மலைச்சரிவுகளில் இறங்கியிருந்தால் நாம் எந்த நிலையில் இருந்திருப்போம் என்று ஒவ்வொரு ஊராரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்மாய் என்னும் விடை

விந்தை என்னவென்றால், பொய்த்தால் முழுவதும் பெய்தால் முழுவதும் என்ற இந்தக் கணக்கு நம் முன்னோருக்குப் புதிதன்று. மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதத்திற்கு வைத்துண்ண வேண்டிய நாட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட விடை கண்மாய். தமிழகத்தில் இத்தகைய ஏரி, கண்மாய்கள் 39 ஆயிரத்துக்கு மேல் உண்டு. மலையடிவாரத்திலிருந்து கிழக்கே சரிந்து செல்லும் இவ்வட்டாரமே கண்மாய்களால் கோத்த மாலை போன்றது. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கின் வழியே வழிந்து, மறுகாலாகி, அடுத்த கண்மாய்க்கு வரத்துக்காலாகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. பாய்ந்து வரும் மலைவெள்ளத்தின் வேகத்தை ஒவ்வொரு படியிலும் தணித்து, நிலத்திற்குள் ஊறவிட்டு, கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுத்து, எஞ்சியதை மட்டும் ஆற்றுக்கு அனுப்பும் ஏற்பாடு இது. வெள்ளத் தடுப்பும் வறட்சிக் காப்பும் ஒரே கரையில்! இரண்டுக்கும் இருவேறு துறை அமைத்து இருவேறு கோப்பு வைத்திருக்கும் நம் காலத்தவர் இதனைச் சற்று நின்று பார்க்கலாம்.

இந்த ஏற்பாடு மண்ணால் மட்டும் நடக்கவில்லை, மனிதரால் நடந்தது. மடையைத் திறக்கவும் அடைக்கவும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று அளந்து விடவும், மழை இரவில் கரையைச் சுற்றி வந்து நண்டு வளையும் எலி வளையும் பார்க்கவும் ஊர்தோறும் நீர்க்கட்டி இருந்தார். அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு நெல். கரையைப் பராமரிக்க வீட்டுக்கு ஓர் ஆள் வருவது குடிமராமத்து. ஆங்கில அரசு 1858-இல் இதற்கென்று ஒரு சட்டமும் இயற்றியது. மனமுவந்து செய்த ஊர் வேலையைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த வேண்டி வந்ததே அதன் வீழ்ச்சிக்கு அடையாளம் என்பது என் எண்ணம். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கண்மாய் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி அள்ளிச் செல்லவும் அதே ஆண்டில் வழி செய்யப்பட்டது. கண்மாயும் ஆழமாகும், வயலும் வளமாகும். கரம்பை மண்ணின் அருமை அறிந்தவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் கண்ட வரையில் பெரும்பாலான ஊர்களில் எல்லாருடைய கண்ணும் கண்மாயின் உட்பக்கத்திலேயே இருக்கிறது. வரத்துக்காலைப் பார்ப்பவர் இல்லை. பொக்லைன் இயந்திரம் வந்து ஆழப்படுத்துவது கண்ணுக்குத் தெரியும் வேலை. மலையிலிருந்து அந்தக் கண்மாய் வரை வரும் வாய்க்கால், வழியில் எங்கோ ஒரு தோப்பின் வேலிக்குள் மறைந்திருக்கும். எங்கோ ஒரு பாதைக்கு அடியில் சிறு குழாயாகச் சுருங்கியிருக்கும். சீமைக்கருவேலமும் நெகிழிப் பைகளும் அடைத்துக் கிடக்கும். இதனால் இரண்டு கேடுகள். சாதாரண மழைக்குக் கண்மாய் நிறைவதில்லை. பெருமழைக்கோ, வழி அடைபட்ட நீர் தன் பழைய பாதையை விட்டுத் தெருவுக்குள் நுழைகிறது. ஊரின் தாழ்வான பகுதியில் ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள் யார்? வேறு இடம் வாங்க வகையில்லாத ஏழைகள். தோப்புக்காரர் அடைத்த வாய்க்காலின் தண்டனை அவர்கள் வீட்டு அடுப்பை அணைக்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், படைப்பைப் பேணுவது பற்றிய தம் சுற்றுமடலில், சுற்றுச்சூழலின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்ற கருத்தை வலியுறுத்தினார். அந்த மடலில் அவர் கையொப்பமிட்ட நாள் 2015 மே 24. சதுரகிரி ஓடையில் வெள்ளம் வந்ததும் அதே மாதத்தில்தான்.

மேலே காடு, கீழே கரை

கண்மாய்க்கும் மேலான நீர்த்தேக்கம் ஒன்று உண்டு, அது காடு. அடர்ந்த காட்டின் சருகு மெத்தையும் வேர்ப்பின்னலும் மழையின் அடியைத் தாங்கி, நீரை உள்வாங்கி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகின்றன. மொட்டைப் பாறை ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும் நீரைக் காடு ஒரு மாதம் வைத்திருந்து கொடுக்கும். திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் மேகமலையையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாயிற்று. புலிக்கும் அணிலுக்கும் இவ்வளவு காடா என்று கேட்போர் உண்டு. வைகையின் தலைநீரும், பிளவக்கல் அணைகளுக்கு வரும் நீரும், இராஜபாளையத்தின் குடிநீரும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கோடை நீள நீள அந்தக் காட்டுக்கும் ஆபத்து. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித்துண்டு போதும். எரிந்த சரிவில் அடுத்த மழை விழும்போது மண்ணும் சேர்ந்து இறங்குகிறது. அந்த மண் நீர்த்தேக்கத்தின் அடியில் போய்ப் படிகிறது. தீயும் வெள்ளமும் இப்படித்தான் கைகோக்கின்றன.

வெயில் என்னும் சத்தமில்லாத வெள்ளம்

வெள்ளம் வந்தால் செய்தியாகிறது. வெயில் கொல்வது செய்தியாவதில்லை. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றோ முதுமை என்றோ எழுதப்பட்டுவிடும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போர் குடும்பத்திற்கு நிவாரணம் கிடைக்க வகை செய்தது. நல்ல செயல்தான். ஆயினும் நிவாரணம் இறந்த பிறகு வருவது.

இவ்விரு ஊர்களின் தொழில்களை எண்ணிப் பாருங்கள். இராஜபாளையத்தில் நூற்பாலைகள். காற்று உலர்ந்தால் நூல் அறும் என்பதற்காக ஆலைக்குள் ஈரப்பதத்தைக் கூட்டி வைப்பார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. சத்திரப்பட்டி வட்டாரத்தில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்கள். பல இடங்களில் தாழ்ந்த தகரக் கூரை. திருவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் மணிக்கணக்கில் விறகு அடுப்பின் முன் நிற்கிறார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பை உண்ணும்போது, அடுப்படியில் நின்றவரின் சித்திரை மாதத்தை நாம் நினைப்பதில்லை.

இவர்களுக்கு வேண்டியது பெரிய திட்டமன்று. நண்பகல் வேலையைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றுவது, கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, இவையே பல உயிரைக் காக்கும். ஒருவர் வெயிலில் உளறத் தொடங்கினால், தள்ளாடினால், உடல் கொதித்தால் அது மயக்கம் அன்று, வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிச் சென்று உடலெங்கும் நீரூற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது.

செய்தி போய்ச் சேருதல்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரிக் கடற்கரைப் பங்குகளில் எத்தனை வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆழ்கடலுக்கு முன்பே சென்றுவிட்டவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. புயலைத் தடுக்க எவராலும் இயலாது. செய்தியை முன்னரே சேர்ப்பது இயலக்கூடியது. மலையடிவார ஊர்களுக்கும் இதே பாடம்தான்.

இன்று வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக நிறங்களால் எச்சரிக்கிறது. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிருத்தல். சிவப்பு என்றால் செயலில் இறங்குதல். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநிலத்திற்கு 1070. இவையெல்லாம் கைப்பேசியில் வந்துவிடுகின்றன. ஆனால் ஓடைக்கரையில் தனியே வாழும் எழுபது வயதுப் பாட்டியின் கைப்பேசிக்கு யார் வாசித்துச் சொல்வது? காது கேளாதவரைத் தட்டி எழுப்புவது யார்? நிறைமாதக் கர்ப்பிணியை மழைக்கு முன்னரே மேட்டுப்பகுதி உறவினர் வீட்டில் விடுவது யார்?

பங்கு என்ற அமைப்பு பயன்பட வேண்டியது இந்த இடத்தில்தான். எந்தத் தெருவில் எவர் படுக்கையில் இருக்கிறார் என்பது வட்டாட்சியர் அலுவலகத்திற்குத் தெரியாது. வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் மரியாயின் சேனையினருக்கும் தெரியும். ஒவ்வொரு தெருவுக்கும் இருவர் பொறுப்பேற்று, இன்னாருக்கு இன்னார் சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுவதற்கும் செய்தி போய்விடும். மதம் பார்த்துப் பட்டியல் போடக்கூடாது என்று தனியே சொல்ல வேண்டுமா? ஆலய மணியையும் பயன்படுத்தலாம். மின்சாரம் போனாலும் ஒலிப்பது அது ஒன்றே. ஆனால் நள்ளிரவில் இடைவிடாது மணி அடித்தால் வெள்ளம் என்பதை முன்கூட்டியே எல்லாரும் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். இல்லையேல், யாரோ இறந்துவிட்டார் போலும் என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுப்பார்கள். மேட்டில் உள்ள பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும், அங்கே குடிநீரும் விளக்கும் உண்டா, பெண்களுக்குக் கழிப்பிடம் உண்டா என்பதையும் வெயில் காலத்திலேயே பார்த்துவிட வேண்டும். குடும்ப அட்டை, நிலப்பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு நெகிழிப் பையில் இட்டுக் கட்டி வாசலுக்கருகே வைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

வெள்ளம் வடிந்த பின் அரிசியும் போர்வையும் வழங்குவதில் நம் மக்கள் என்றுமே பின்தங்கியதில்லை. அந்தப் படங்கள் இதழ்களில் வரும், வரட்டும். மழைக்கு முன் ஒரு வாய்க்காலைச் சுத்தம் செய்தால் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. நாலைந்து பேர் சேற்றில் நிற்பார்கள், அவ்வளவுதான்.

புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் இதைச் செய்து பார்க்கலாம். ஊரில் பழைய நீர்க்கட்டி எவராவது உயிருடன் இருந்தால் அவரை அழைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவரை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கலுங்கில் தொடங்கி வரத்துக்கால் வழியே மலையை நோக்கி நடந்து செல்லுங்கள். எங்கே அடைத்திருக்கிறது, எங்கே வேலி, எங்கே கரை கரைந்திருக்கிறது என்று பிள்ளைகள் ஒரு தாளில் வரையட்டும். கண்மாய் நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதானால் பெரும்பாலும் நீர்வளத் துறையைச் சேர்ந்ததாக இருக்கும். சிறியதானால் ஊராட்சி ஒன்றியம். அந்தப் படத்தையும் மனுவையும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து இரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதியைத் தாண்டியதும் தொடங்கிவிடும். அதற்குள் நான்கைந்து ஞாயிறுகளே இருக்கும்.